பங்கின் நடத்தை விதிகளில் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்திலிருந்து, ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 41. தனியார் பள்ளியில் வேலை. 11 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறார். சம்பளம் கிடையாது. கடிதம் கிடைத்த அன்றே அவசரமாகச் செய்ய வேண்டியதை அவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், அவர் ஒப்புதலோடு, அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

கடிதத்தின் சாரம் இது. புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை, கோயிலில் வேலை செய்பவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் மூன்று பக்கத்தில் நடத்தை விதிகள் அச்சடித்துக் கொடுத்து எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளோடு தனி அறையில் இருக்கக் கூடாது, தனியாக வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது, இரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, அடிக்கக் கூடாது என்று 14 விதிகள். “30 வருசமா மணியடிக்கிறேன், என்னையே சந்தேகப்படுறாங்களா?” என்று கோயில்பிள்ளை கண் கலங்கியிருக்கிறார். பங்குப் பேரவையில் பாதிப் பேர் கையெழுத்துப் போடவில்லை. 9ஆம் விதி மட்டும் வேறு மாதிரி: எந்தப் புகாரையும் பங்குத்தந்தையிடம் மட்டுமே சொல்ல வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் படிக்கும் 15 வயதுப் பெண் இவரிடம் தன் கைபேசியை நீட்டியிருக்கிறாள். பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்துப் பயிற்சி கொடுக்கும் 34 வயதுக்காரர் மூன்று மாதமாக இரவு பதினொரு மணிக்கு மேல் அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. ரீசார்ஜ் செய்து கொடுத்திருக்கிறார், இயர்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார், “வீட்ல சொல்லாத” என்று எழுதியிருக்கிறார். கடைசியாக, அவளிடம் கேட்கவே கூடாத விதத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார். அவள் அனுப்பவில்லை. கோயிலில் மராமத்து நடப்பதால் பயிற்சி சில வாரங்களாக ஒரு பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீட்டின் பட்டாலை எனும் கூடத்தில் நடக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பயிற்சியாளரின் மாமா. சாவி பயிற்சியாளர் கையில்.

பங்குத்தந்தையிடம் சொன்னபோது, “மத்தேயு 18இல் சொன்னபடி முதலில் அவனிடம் தனியாகப் பேசுவோம், திருவிழா முடியட்டும்” என்று சொல்லி 9ஆம் விதியை நினைவூட்டியிருக்கிறார். பெண்ணின் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். அம்மா, “கேஸு கீஸுன்னு போனா எம்புள்ள வாழ்க்கை போச்சு டீச்சர்” என்று அழுகிறார். நம் வாசகி கேட்பது: கையெழுத்துப் போடலாமா? சம்பளமில்லாத எனக்கு இந்த விதி பொருந்துமா? அவர் தொடவில்லையே, இது குற்றமா? அம்மாவே வேண்டாம் என்னும்போது நான் புகார் கொடுக்கலாமா, கொடுத்தால் அவதூறு வழக்குப் போடுவாரா?

சகோதரி, நீங்கள் கையெழுத்தைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். கையெழுத்துக்கு அவகாசம் இருக்கிறது. அவளுக்கு இல்லை.

தொடாமலே குற்றம் ஆகும்

“அவர் கைகூட வைக்கவில்லை, அதனால் போலீசுக்குப் போகும் அளவுக்கு இல்லையோ” என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், நாம் போக்சோ என்று சொல்கிற 2012ஆம் ஆண்டுச் சட்டம், தொடுதலோடு நிற்கவில்லை. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ கைபேசி வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை அதன் 11ஆம் பிரிவு பாலியல் தொந்தரவு என்கிறது. 12ஆம் பிரிவின்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 18 வயது நிறையாத எவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். அவள் ஒன்றிரண்டு செய்திக்கு இதயப் படம் போட்டுப் பதில் அனுப்பியதைக் கவலையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி அவளிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை பேசாதீர்கள். 15 வயதுப் பிள்ளையின் சம்மதம் என்ற ஒன்று சட்டத்தில் கிடையாது. ரீசார்ஜும் இயர்போனும் வாங்கிக் கொடுத்தவருக்கு மறுப்புச் சொல்ல அவள் பட்ட சங்கடத்தைத்தான் நான் அந்தப் பதில்களில் பார்க்கிறேன்.

“கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் எப்படி நிரூபிப்பேன்?” நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. குற்ற மனநிலை தேவைப்படும் குற்றங்களில் அந்த மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வேலை, நீங்கள் கண்டதையும் கேட்டதையும் உரியவரிடம் சொல்வது. அவ்வளவுதான்.

அப்படிச் சொல்வது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமும் இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவர் செய்ததைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பாடகர் குழுவை நடத்தும் தன்னார்வலரும் பங்குத்தந்தையின் கட்டுப்பாட்டில் உள்ளவர்தான் என்றே நான் வாதிடுவேன். தெரிந்தும் சொல்லாதிருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. உங்கள் பங்குத்தந்தை கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. விதிகள் வேண்டும் என்று நினைத்த முதல் ஆளே அவர்தான். திருவிழா முடியட்டும் என்று அவர் ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் அவருக்கே ஆபத்து என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

“சாமியிடம் சொன்னது பாவசங்கீர்த்தனம் மாதிரி, அதை அவர் வெளியே சொல்ல முடியாது” என்று பேரவையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேசியது பங்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியிடக் கூடாது என்ற முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

மத்தேயு 18

நானும் பங்கு மணி ஓசையில் வளர்ந்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு என்று அந்த அதிகாரத்தின் 15ஆம் வசனம் சொல்வது உண்மை. அது இரண்டு பெரியவர்களுக்கு நடுவிலான மனத்தாங்கலுக்குச் சொன்னது. அதே அதிகாரத்தில், அதற்கு ஒன்பது வசனம் முன்னால், சிறியோரை இடறி விழச் செய்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது மேல் என்று இயேசு சொல்கிறார். குழந்தை சம்பந்தப்பட்ட இடத்தில் எந்த வசனத்தைப் புரட்ட வேண்டும் என்பதை நான் சாமிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சட்டக் கோணத்திலும் அந்தத் தனிப் பேச்சு கெடுதல்தான். அவரைக் கூப்பிட்டு எச்சரித்த அன்றே அவர் செய்யும் முதல் வேலை செய்திகளை அழிப்பது. இரண்டாவது வேலை, அந்தப் பெண்ணிடம் போய் அழுவது, அல்லது மிரட்டுவது. பேரவையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்போம் என்ற யோசனைக்கு எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் குழந்தை கண்ணால் பார்க்காதபடி நீதிமன்றமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்லும்போது, பங்கு மண்டபத்தில் அவளை அவர் முன் நிறுத்தலாமா?

சமாதானம் பேசி முடித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு சேதி. ஆசிரியர் மீதான போக்சோ வழக்கு ஒன்றில் மாணவியின் வீட்டாரும் ஆசிரியரும் சமரசமாகிவிட்டார்கள் என்பதற்காக வழக்கை ரத்து செய்த ராஜஸ்தான் உயர் நீதிமன்ற உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. இது இரண்டு குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ளும் விவகாரமாகச் சட்டம் பார்ப்பதில்லை.

அம்மாவின் பயம்

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். புருஷன் கடல் தாண்டி இருக்கிறார், பிள்ளைக்கு அரசுத் தேர்வு வருகிறது, சொந்தத்தில் நாளை பெண் கேட்டு வருவார்கள். செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால்கூட அடுத்த தெருவுக்குத் தெரியும். அவர் பயப்படுவது நியாயம். ஆனால் அந்தப் பயத்தில் பாதி, சட்டம் என்ன செய்யும் என்று தெரியாததால் வருவது. அவரிடம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரத்தில், இதைச் சொல்லுங்கள்.

பெண்ணைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அவள் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, வந்து எழுத வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். அந்த நம்பும் ஆள் நீங்களாக இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை என்று நினைத்து அம்மா நடுங்குகிறார். உடல் தொடுதலே நடக்காத இப்படியான வழக்கில் பொதுவாக அதற்குத் தேவை வருவதில்லை. அவள் பெயரையோ பள்ளியையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிட்டால் அதுவே தனிக் குற்றம். வழக்கு மூடிய அறையில் நடக்கும். இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பெறலாம். குழந்தைகள் நலக் குழு, வழக்கு முழுவதும் கூட வர ஒரு துணைநபரை அமர்த்தித் தரும்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுபறி உண்டு. அதை மறைத்துப் பேசினால், இரண்டாம் வாய்தாவிலேயே அந்த அம்மா உங்கள் மேல் நம்பிக்கை இழந்துவிடுவார்.

இவ்வளவு சொல்லியும் அவர் வேண்டாம் என்றால்? அப்போதும் நீங்கள் தெரிவித்தாக வேண்டும். பெற்றோர் மறுத்தால் சொல்ல வேண்டியதில்லை என்ற விலக்கு 19ஆம் பிரிவில் கிடையாது. ஆனால் அவருக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போகாதீர்கள். “அக்கா, நான் சொல்லாம இருக்க முடியாது, சட்டம் அப்படி. நீங்களும் கூட வாங்க” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே, எப்படிச் சொல்வது

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே போக மனம் துணியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எழுத்தில் கொடுப்பது நல்லது: எந்தத் தேதி, எந்த நேரம், அவள் என்ன காட்டினாள், அவள் சொன்ன வார்த்தைகள் அவள் சொன்னபடியே. உங்கள் ஊகங்களையும் கோபத்தையும் அதில் கலக்காதீர்கள். அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் சேர்க்காதீர்கள். ஒரு தடவை கேட்டது போதும்.

செய்திகளை உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். சாமிக்கு, பேரவைத் தலைவருக்கு, அன்பியக் குழுவுக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) என்று ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்தால் அவள் அடையாளத்தை வெளியே விட்டவர் நீங்கள் ஆவீர்கள். அதில் அவளுடைய அந்தரங்கப் படம் ஏதாவது இருந்துவிட்டால் அதை அனுப்புவதே பெருங்குற்றம். கைபேசியில் எதையும் அழிக்காமல் அப்படியே வைத்திருந்து காவலரிடம் காட்டட்டும். எண்ணை உடனே தடை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், உரையாடலை மட்டும் அழித்துவிட வேண்டாம்.

புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து “விசாரிக்கிறோம், போங்க” என்றால் எழுந்து வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லாவிட்டால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். பதிய மறுக்கும் அதிகாரிக்கும் அதே 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

அவதூறு வழக்குக்குப் பயப்படாதீர்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது என்று 19ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு உங்களைக் காக்கிறது. ஒருவரை அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ பொய்யென்று தெரிந்தே கொடுக்கும் புகாருக்குத்தான் தண்டனை. ஆனால் இந்தப் பாதுகாப்பு காவல் நிலையத்தில் சொல்வதற்கு. கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்வதற்கு அது துணை வராது. அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு வேண்டும்.

இனி அந்த மூன்று பக்கம்

நீங்கள் அனுப்பிய விதிகளை இரண்டு முறை படித்தேன். 9ஆம் விதியைத் தவிர மற்றவை நல்ல விதிகள். நம் ஊருக்கு இது வேண்டாம் என்று சொல்பவர்கள் நம் ஊரையே சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இங்கே யாரும் அந்நியர் இல்லை. கீபோர்டு வாசிப்பவர் அண்ணன், மணியடிப்பவர் தாத்தா, பேரவைத் தலைவர் சித்தப்பா. முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எந்த வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலம் மாறி, இன்று வளைகுடாவும் சிங்கப்பூரும். அப்பா இல்லாத வீட்டுக்கு “நான் கொண்டுபோய் விடுறேன் அக்கா” என்று வண்டியோடு நிற்பவர் பெரிய உதவி. பத்தில் ஒன்பது பேர் உண்மையிலேயே உதவத்தான் நிற்கிறார்கள். அந்தப் பத்தாவது ஆளும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். முகத்தைப் பார்த்து அம்மாவால் கண்டுபிடிக்க முடியாது, சாமியாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கோயில்பிள்ளைத் தாத்தாவிடம் போய் இதைச் சொல்லுங்கள்: அவர் கையெழுத்துப் போட்டால்தான், நாளை விதியை மீறும் ஒருவரிடம் “தாத்தாவே போட்டிருக்கிறார், உனக்கென்ன?” என்று கேட்க முடியும். அவர் மேல் வீண்பழி வராமல் காப்பதும் அதே விதிதான்.

பூட்டிக் கிடந்த வீட்டில் பயிற்சி நடந்ததைப் பாருங்கள். அந்த வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பட்டாலையில் நடப்பது தெருவுக்குத் தெரியாது, பின்கட்டில் கூப்பிட்டால் முகப்புக்குக் கேட்காது. வெளியிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில், இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது மட்டுமே பயிற்சி என்ற 4ஆம் விதியை முதல் நாளே கடைப்பிடித்திருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே வழி இருந்திருக்காது. தனிச் செய்தி கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் தகவல் என்ற விதியும் அப்படியே. அந்த முதல் இரவுச் செய்தி வந்தபோதே “மாஸ்டர் விதியை மீறுகிறார்” என்று ஒரு 15 வயதுப் பெண்ணால் சொல்ல முடிந்திருக்கும். மூன்று மாதம் காத்திருந்து, தன் மேல் தப்போ என்று குழம்பியிருக்க மாட்டாள்.

அதனால் இந்த மூன்று பக்கத்தைப் பெரியவர்களின் கோப்பில் வைத்துப் பூட்டினால் பயனில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும், அன்பியக் கூட்டத்தில் அம்மாக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது யார் எங்கே படுப்பது என்ற பேச்சே உங்கள் விதிகளில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பீடச்சிறுவர்கள் உடை மாற்றும் அறையைப் பற்றியும் இல்லை.

சம்பளம் வாங்காதவருக்கு விதி பொருந்துமா என்றால், பொருந்தும். பிள்ளைக்கு முன்னால் நிற்பவர் கூலி வாங்குகிறாரா என்பதைப் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு கேட்பதில்லை. பிள்ளைகளோடு அடிக்கடி தொடர்பில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின் 3ஆம் விதி கேட்கிறது. அது பேசுவது பணியாளர்களைப் பற்றி. தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் பங்குக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து. இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம், 2013, சம்பளமில்லாமல் தொண்டாகப் பணி செய்யும் பெண்ணையும் பணியாளராகவே கணக்கில் எடுக்கிறது. உங்களுக்கோ, கோயில் பெருக்கும் அம்மாவுக்கோ அப்படி ஏதாவது நேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். பங்கில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்கள் விதிகளில் பெண் பணியாளர்களைப் பற்றி ஒரு வரி இல்லாதது பெரிய குறை.

9ஆம் விதியை என்ன செய்வது

சட்டம் சொல்லச் சொல்வதைச் சொல்லாதே என்று எந்த விதியும் உங்களைக் கட்ட முடியாது. அப்படி எழுதியதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீதிமன்றத்தில் அது உங்களுக்குக் காப்பாகாது. திருச்சபைச் சட்டமும் அந்தத் திசையில் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் கொண்டுவந்து 2023இல் திருத்திய சட்டம், புகார் கொடுத்தவர் மேல் மௌனத்தைச் சுமத்தக் கூடாது என்கிறது. அது குருக்கள், துறவியர் மற்றும் அத்தகைய பொறுப்பாளர்கள் மீதான புகார்களுக்கானது. பாடகர் குழுப் பயிற்சியாளருக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் குரு மீதான புகாருக்கே மௌனம் கூடாது என்றால், கீபோர்டு வாசிப்பவர் மீதான புகாருக்கு ஏன் வேண்டும்? 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்திய திருச்சபைச் சட்டத்தின் 1398ஆம் விதி, திருச்சபையில் ஒரு பணி செய்யும் பொதுநிலையினர் குழந்தைகளுக்கு எதிராகச் செய்யும் குற்றங்களையும் தண்டனைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

ஆகவே, கையெழுத்துப் போடுங்கள். போடும்போது 9ஆம் விதிக்குப் பக்கத்தில் “சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் என் கடமைக்கு இது தடையாகாது என்ற புரிதலோடு” என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதியை மாற்றி எழுதும்படியும் கடிதம் கொடுங்கள்: குழந்தை பற்றிய புகாரை முதலில் காவல்துறைக்கோ 1098க்கோ தெரிவிக்க வேண்டும், பிறகு பங்குத்தந்தைக்கும் மறைமாவட்டத்துக்கும். புகாரை வாங்க ஒரு அருட்சகோதரியும் பங்கைச் சேராத ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். புகாரே பங்குத்தந்தை மீது என்றால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு உங்கள் மூன்று பக்கத்தில் பதில் இல்லை. இந்தச் சாமி நல்லவராக இருக்கலாம். மே மாதம் மாற்றல் வரும்போது அடுத்து வருபவருக்கும் இதே காகிதம்தான்.

புகார் கொடுத்த பிறகு, விசாரணை முடியும்வரை அந்தப் பயிற்சியாளரைப் பிள்ளைகள் இருக்கும் எல்லாப் பணியிலிருந்தும் விலக்கி வைக்கச் சொல்லுங்கள். அது தீர்ப்பு ஆகாது, அவர் குற்றமற்றவர் என்று பிறகு தெரிந்தால் திரும்பி வரலாம். அவர் வீட்டாரிடம் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அவர் அம்மாவும் அதே கோயிலில் முழந்தாளிடுபவர்தான். அந்தப் பூட்டிய வீட்டின் சாவியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, பயிற்சியைக் கோயில் முற்றத்துக்கு மாற்றுங்கள். சிமென்ட் மூட்டை கிடந்தாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். “கொஞ்ச நாள் அவ வராம இருக்கட்டும், அவ நல்லதுக்குத்தான்” என்று பெண்ணைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்துவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். திருவிழாத் திருப்பலியில் பதிலுரைப் பாடல் அவள்தான் பாடுவதாக எழுதியிருந்தீர்கள். பாட வேண்டாம் என்று அவளே சொன்னால் சரி. அவள் பாட விரும்பினால், கொடியேற்றத்துக்கு முன்பே வேறு ஒருவரைக் கீபோர்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கீபோர்டு இல்லாமல் பாடட்டும்.